மனமுவந்து

ஜனவரி 12

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த செய்தியை உங்கள் பிரார்த்தனை இல்லத்தின் அலுவலகத்திலிருந்து யாரோ ஓர் அம்மையார் தொலைபேசியில் சொன்னார். உன் குரலில் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலைக்காலம் முழுவதும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே இணைத்துவிட்டவள், செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போயிருக்கிறாய். பயணத்தில் ஜன்னலோரம் கிடைத்ததா? முதுகு எப்படி இருக்கிறது?

நான் நலமாக இருப்பதாகவே தோன்றுகிறது. பாலைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். பால்காரர், "என்ன சார், அம்மா சாமியார் ஆயிட்டாங்களா?" என்றார். "லீவுல போயிருக்காங்க" என்றேன். இல்லத்தில் சமைக்கவும் தைக்கவும் ஆள் போதவில்லை, மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நீ கேட்டபோது நான் சரி என்றேன். அதை இப்போது மாற்றிச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலி மேல் செய்தித்தாள்களை வைத்திருக்கிறேன், நீ வரும்வரை.

அங்கே எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள்? நீ யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்? பொதுவாகக் கேட்கிறேன்.

கொதிக்கவைத்த தண்ணீரையே குடி.

உன்,
பரிசோதகன்


ஜனவரி 25

என் குழாய்க்காரருக்கு,

முழங்காலுக்குக் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறீர்களா, பாட்டிலைப் பார்த்து ரசித்துக்கொண்டிருக்கிறீர்களா? என் முதுகு பரவாயில்லை. இங்கே கட்டில் பலகைக் கட்டில். முதுகுக்கு அதுதான் வேண்டியிருந்தது போல.

அறையில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் ஓய்வு பெற்ற நர்ஸம்மா. பேச்சில் ஊசி இருக்கும், ஆனால் வலிக்காது. இன்னொருத்தி வாயே திறப்பதில்லை, நடந்தாலும் சத்தம் வராது. எலிக்குட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம், அவளுக்கும் பிடித்துவிட்டது. பகலில் நான் தையல் அறையில் இருக்கிறேன். பெரிய தையற்காரர் ஒருவர் வெட்டிக் கொடுக்கிறார், நாங்கள் மிஷினில் ஓட்டுகிறோம்.

மாலையில் வட்டமாக உட்கார்ந்து மனத்தில் இருப்பதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்வது இங்கே வழக்கம். பதில் யாரும் சொல்லக் கூடாது, கேட்க மட்டும் செய்யலாம். முதல் நாளே நானும் பேசினேன். உங்களைப் பற்றியும் கொஞ்சம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
எக்ஸ்சேஞ்சு


பிப்ரவரி 3

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

பலகைக் கட்டில் ஒத்துக்கொண்டதில் மகிழ்ச்சி. இங்கே சளி மட்டும் கொஞ்சம் இருந்தது, போய்விட்டது.

"உங்களைப் பற்றியும் கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு கொஞ்சம்? என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. இருந்தாலும் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நான் எப்படித் தென்படுகிறேன் என்று அறிந்துகொள்ளத் தோன்றுகிறது. இங்கே நீ சபையின் வாராந்தரக் கூட்டத்துக்குப் போய்வந்ததும், "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். "நல்லா இருந்துச்சு" என்பாய். அதோடு முடிந்துவிடும். அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது.

எனக்கும் கடவுளுக்கும் சண்டை இல்லை என்பது உனக்குத் தெரியும். நடுவில் நிற்பவற்றோடுதான் ஒத்துவரவில்லை. மேடை, நிர்வாகக் குழு, மாலை மரியாதையில் யார் முதல் என்ற தகராறு. உன் கட்டாயத்துக்காக ஒரே ஒரு முறை சபைக்கு வந்தேன். அன்று நல்ல புழுக்கம். மின்விசிறியின் இறக்கைகளில் நன்கொடையாளர் பெயரை எழுதியிருந்தார்கள். சுற்றினால் பெயர் தெரியாது என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன்பிறகு நான் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்று சில நாட்களாக யோசிக்கிறேன். முடிவுக்கு வர முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பரிசோதகன்


பிப்ரவரி 21

என் குழாய்க்காரருக்கு,

சளிக்கு வெந்நீர் ஆவி பிடித்தீர்களா? பிடித்திருக்க மாட்டீர்கள்.

குடிநீர் நிலையத்தில் பரிசோதகராக இருந்து, வாழ்நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீருக்குச் சம்பளம் வாங்கியவர் நீங்கள். ஆற்றில் இறங்கிக் கையால் அள்ளிக் குடிக்கப் போனவர்களை எல்லாம், கிருமி, கிருமி என்று துரத்தியவர். கடவுளுக்கு மட்டும் குழாய் கூடாது, ஒவ்வொருவரும் நேரே ஆற்றுக்குப் போய் அள்ளிக்கொள்ள வேண்டும் என்றால் இது என்ன நியாயம்?

இதை அப்படியே வட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பதில் சொல்லக் கூடாது என்றுதான் விதி, சிரிக்கக் கூடாது என்று இல்லையே. தையற்காரர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வட்டம் கலைந்ததும், "உங்க வீட்டுக்காரரப் பாக்கணும்போல இருக்கும்மா" என்றார்.

மின்விசிறி விஷயம் வாஸ்தவம். அதை நிறுத்தியவர் மகன் கல்யாணத்தில் நீங்கள் இரண்டு முறை சாப்பிட்டீர்கள். அதுவும் வாஸ்தவம்.

மருந்தை மறக்க வேண்டாம்.

உங்கள்,
எக்ஸ்சேஞ்சு


மார்ச் 30

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகியது, ஆளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தால் உனக்குக் கால் வீங்குமே, இப்போது எப்படி இருக்கிறது?

நீ கேட்டது சரியான கேள்வி. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். பழுது பார்க்க வெட்டியெடுத்த பழைய குழாய்களின் உள்பக்கத்தைப் பார்த்தவன் நான். துரு ஏறி ஏறி நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். இதற்குள்ளா தண்ணீர் வந்தது என்று திகைப்போம். இப்படி எழுதி உன்னை மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அதற்குள்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஊரும் அதைத்தான் குடித்தது. ஆகவே என் பதில் எனக்கே நிறைவாக இல்லை.

நான் வீட்டில் ஒரு பேச்சுக்குச் சொன்னதையும் நீ அங்கே எடுத்துச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாய் என்று தெரிகிறது. வீட்டில் நீ அதற்குச் சிரித்ததாக நினைவில்லை. அந்தத் தையற்காரருக்கு என்ன வயது? பொதுவாகக் கேட்கிறேன்.

மூன்று மாதம் முடியப்போகிறது. என்றைக்கு வருகிறாய் என்று எழுதினால் வீட்டைச் சுத்தம் செய்து வைப்பேன்.

உன்,
பரிசோதகன்


ஏப்ரல் 9

என் குழாய்க்காரருக்கு,

கால் வீக்கம் வற்றிவிட்டது. தையற்காரருக்கு எழுபத்தெட்டு. பல்செட் ராத்திரியில் டம்ளரில் தூங்கும். மனைவி போன பிறகு இங்கே வந்தவர். போதுமா?

ஒரு விஷயம். என்னை நிரந்தரமாக இங்கே இருந்துவிடச் சொல்கிறார்கள். கேட்டது பெரியம்மா, இல்லத்தின் தலைவியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

அதற்கு இங்கே ஒரு முறை உண்டு. கணவனோ மனைவியோ உள்ளவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால், அந்தத் துணை நேரில் வரவேண்டும். கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, "மனமுவந்து அனுப்புகிறேன்" என்று தன் வாயால் சொல்லவேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். துணையை அரைமனத்தோடு விட்டவர்களால் முன்பு நிறையக் கண்ணீர் வந்திருக்கிறதாம். பெரியம்மா அதில் கறார்.

தம்பதியாகவும் வந்து இருக்கலாம் என்றார். அவர் வரமாட்டார் என்று நானே சொல்லிவிட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் கூடம் கூடும். உங்களுக்கு எந்த மாதம் தோதுப்படும் என்று எழுதுங்கள். வெயிலில் வெளியே போகாதீர்கள்.

உங்கள்,
எக்ஸ்சேஞ்சு


மே 28

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

நீ நலமாக இருப்பாய். எனக்கு முழங்கால் மறுபடி மக்கர் செய்ததால் எழுத முடியவில்லை. முழங்காலால் எழுதுவதில்லை என்று நீ சொல்வாய்.

கூடத்தில் சொல்வது பற்றிச் சில சந்தேகங்கள். "மனமுவந்து" என்பதற்குப் பதிலாக "ஆட்சேபணை இல்லை" என்றால் ஒப்புக்கொள்வார்களா? எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. உட்கார்ந்தபடி சொல்லலாமா? மைக் வைப்பார்களா? மைக்கைக் கண்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற அன்று நன்றி சொல்ல எழுந்து, சொல்லாமலே உட்கார்ந்தவன் நான். எத்தனை பேர் இருப்பார்கள்?

நான் வரமாட்டேன் என்று நீயே சொல்லிவிட்டாய். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம். நானே சொல்லியிருப்பேன்.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. இப்படியே உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருந்தா அம்மாவ அங்கயே விட்டுருவீங்க" என்றாள். "அது அவள் நம்பிக்கை, அதில் நான் தலையிடக் கூடாது" என்றேன். கண்ணியமாகப் பேசியதாகத்தான் பட்டது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

உன்,
பரிசோதகன்


ஜூன் 6

உங்களுக்கு,

நலம்.

இத்தனை கேள்வி கேட்டீர்கள். மைக், நாற்காலி, முழங்கால். உனக்கு இருக்க விருப்பமா, வர விருப்பமா என்று ஒரு கேள்வி இல்லை.

நான் ஒன்று கேட்கிறேன். காலையில் முதல் டம்ளர் தண்ணீரைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பீர்கள். வேலைப் பழக்கம் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. பார்த்து முடித்துக் கண்ணை மூடுவீர்கள். உதடு அசையும். கல்யாணமான புதிதில் கேட்டேன், "என்ன சொல்றீங்க?" என்று. "ஒண்ணுமில்ல" என்றீர்கள். அதன்பிறகு நான் கேட்டதில்லை.

அதை முடித்துத் திரும்பும்போது உங்கள் முகம் துடைத்து வைத்த விளக்குப் போல இருக்கும். எனக்கு ஒரு நாளும் அப்படி முகம் அமைந்ததில்லை. பால் பொங்குவதைப் பார்ப்பது போல நின்றுகொண்டு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் புருஷன் என் வீட்டுச் சமையலறையில் தினமும் யாரோடோ பேசுகிறார், யாரென்று எனக்குச் சொல்வதில்லை. வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அதனால்தான் சபைக்குப் போக ஆரம்பித்தேன். உங்களுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கட்டும் என்று. அங்கே யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேண்டிக்கொள்வதில்லை.

ஜூலை முதல் ஞாயிறு, காலை பத்து மணி. நாற்காலி தருவார்கள். மைக் கிடையாது.

எக்ஸ்சேஞ்சு


ஜூன் 19

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

உன் கோபம் தணிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நீ பொறாமைப்பட்டதாக எழுதிய பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது இந்த வீட்டில் என் ஒருவனுடைய இலாகா என்று நினைத்திருந்தேன்.

சபையிலிருந்து திரும்பும்போது படியேறும்வரை நீ பாடிக்கொண்டு வருவாய். கதவைத் திறந்ததும் பாட்டு நின்றுவிடும். எனக்குப் பங்கில்லாத பாட்டு என்று எடுத்துக்கொள்வேன். மனைவி கோயில் குளம் என்று போவதற்கெல்லாம் ஒரு படித்த மனிதன் பொறாமைப்படுவானா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டுப் பொறாமைப்படுவேன். எதிரில் இருப்பவர் இன்னார் என்றால் நம்மைவிட எதில் உயர்த்தி என்று பார்க்கலாம். கடவுளோடு எப்படிப் போட்டி போடுவது?

ஜன்னலில் நான் சொல்வது இதுதான்: "இன்னைக்கும் தெளிவா இருக்கு." அவ்வளவுதான். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாது. கேட்க யாரும் உண்டா என்பதும் தெரியாது. சொல்லாவிட்டால் அந்த நாள் தொடங்கியதாகத் தோன்றாது. உனக்கு ஒரு கூடமே இருந்தது, பாட்டு இருந்தது. அதற்கு முன்னால் இவ்வளவு சின்னதை எப்படி எடுத்துக் காட்டுவது? முகம் விளக்குப் போல இருந்ததாகச் சொல்கிறாய். அதற்குச் சற்று முன்புதான் முகம் கழுவியிருப்பேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

ஒரே வேண்டுகோள். இதை வட்டத்தில் சொல்லாதே. தையற்காரரிடமும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வருகிறது.

உன்,
பரிசோதகன்


ஜூலை 9

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

நடந்ததை முறையாக எழுதிவிடுகிறேன். நீ கூடத்தில் முன்வரிசையில் இருந்தாய். வாசல் அறையில் நடந்தது உனக்குத் தெரியாது. என்னை எதிர்கொண்டவர் தையற்காரர்தான். "வாங்க குழாய் சார். படி ஒசரம். எடது கால மொதல்ல வைங்க, வலதுதான மக்கர் பண்ணும்?" என்றார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "கொதிக்க வச்சு ஆத்துனதுதான். மோந்து பாத்துட்டே குடிங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

நர்ஸம்மா வந்தார். "பேப்பர் படிச்சு முடிச்ச பக்கத்துல டிக் போடுவீங்களாமே, அந்த மனுஷன் நீங்கதானா?" என்று என்னைச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியாக எலிக்குட்டி. வாயே திறக்க மாட்டாள் என்று நீ எழுதியிருந்தாய். "அக்காவுக்குக் காய்ச்சல் வந்தப்ப தெர்மாமீட்டரக் கையில புடிச்சுக்கிட்டே நாற்காலியில தூங்குனீங்களாம். அக்கா அதச் சொன்ன அன்னைக்கு நாங்க யாரும் சாப்பிடல" என்றாள். அந்த நேரம் நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

இத்தனை மாதம் நீ அந்த வட்டத்தில் கடவுளைப் பற்றிப் பேசுகிறாய் என்று வெந்துகொண்டிருந்தேன். நீ பேசியது என்னைப் பற்றி. தெரிந்ததும் பொறாமை குறைந்திருக்க வேண்டும், அதுதான் முறை. கூடிவிட்டது. எனக்கு எழுதிய தபாலை எல்லாம் பக்கத்து வீட்டில் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

அந்த நிலையில்தான் கூடத்துக்குள் வந்தேன். பெரியம்மா, "மனமுவந்து அனுப்புறீங்களா?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்னது எல்லோருக்கும் சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரியாததால் இங்கே எழுத்தில் தருகிறேன். "இல்லைங்க. ஒப்புக்குச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். மனசு வரல. இவ உங்ககிட்ட பேசுனதெல்லாம் எனக்கு வரவேண்டிய பேச்சு. மிச்சம் இருந்தா அதையாவது நான் கேக்கணும்."

உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. வெளியே வந்துவிட்டேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் குடையை அங்கேயே விட்டது தெரிந்தது.

கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். உனக்கு இருக்க விருப்பமா, வர விருப்பமா? இருக்க விருப்பம் என்றால் அடுத்த மாதம் மறுபடி வருகிறேன். "மனமுவந்து" என்பது என் வாயில் பொய்யாகிவிடும். பெரியம்மாவிடம் கெஞ்சி, உண்மையாக நான் சொல்லக்கூடிய வேறு ஒரு சொல்லைக் கேட்டு வாங்குவேன்.

உன்,
பரிசோதகன்


ஜூலை 21

என் குழாய்க்காரருக்கு,

வீங்கிய காலை உயரத் தூக்கி வைத்து உட்காருங்கள். எண்ணெய், எண்ணெய், எண்ணெய்.

நீங்கள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது. நீங்கள் போன பிறகு நர்ஸம்மாதான் ஆரம்பித்தார்: "இந்த வயசுல ஒருத்தர் எனக்காக எந்திரிச்சு நின்னு இப்படிப் பொறாமைப்பட்டா, நான் செருப்பத் தேடாமக் கெளம்பியிருப்பேன்." பெரியம்மா சிரிக்கவில்லை. "அரை மனசோட சரின்னவங்கள நெறையப் பாத்திருக்கேன். முழு மனசோட முடியாதுன்னவர் இவர்தான்" என்றார்.

எனக்குக் கோபம்தான். என் காரியத்தை என்னைக் கேட்காமல் கூட்டத்தில் முடித்துவிட்டு ஓடிவிட்டீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில்: நான் இருக்கத்தான் விரும்பினேன். விடிகாலையில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, உங்களிடம் பார்த்துப் பார்த்து ஏங்கிய முகம் எனக்கும் வந்துவிட்டதாகத் தோன்றும். கண்ணாடி இங்கே அபூர்வம், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் தோன்றியது உண்மை. நீங்கள் பொறாமைப்படுவதால் அது பொய்யாகிவிடாது.

இருந்தும் வருகிறேன். எலிக்குட்டியிடம் அந்தக் காய்ச்சல் கதையை நீங்கள் கேட்ட விதத்தை அவள் எனக்கு நடித்துக் காட்டினாள். அதன்பிறகு பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வாரந்தோறும் சபைக்குப் போவேன். ஆள் குறைந்தால் இங்கேயும் வந்து தைத்துக் கொடுப்பேன், அதற்கு யார் மனமும் உவக்க வேண்டியதில்லை. காலையில் வாய்விட்டுத்தான் வேண்டிக்கொள்வேன். கதவைச் சாத்த மாட்டேன். நான் மட்டும் வரவில்லை, அவரும் கூட வருகிறார். நம் வீடு சின்னது. எப்படிச் சமாளிப்பீர்களோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியம் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுவேன். குடையைக் கொண்டுவருகிறேன். அதில் இருந்த கிழிசலைத் தையற்காரர் தைத்துக் கொடுத்தார். தையலைக் குறை சொல்லாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
எக்ஸ்சேஞ்சு


ஜூலை 27

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. எண்ணெய் பாட்டில் காலி, இம்முறை உண்மையாகவே தேய்த்தேன். இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்கு முன்னால் அங்கே வந்து சேருமா, கிளம்பிய பிறகு வருமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. நேரில் சொல்லும்போது எனக்கு வார்த்தை தடுமாறிவிடும்.

சனிக்கிழமை நிலையத்தில் நிற்பேன். பெட்டியை நீ தூக்காதே.

அவரும் வரட்டும். நாற்காலி மேல் இருந்த செய்தித்தாள்களை எடுத்துவிட்டேன். மாடி வீட்டுக்காரரிடம், காலையில் பாட்டுச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். "என்ன சார், இந்த வயசுல பக்தியா?" என்றார். "அவளுக்குப் பக்தி. எனக்கு அவ பாட்டு" என்றேன். துணிச்சலாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

உன் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் சம்மதம். என் பக்கம் ஒன்றே ஒன்று. காலையில் கண் விழித்ததும் நீ முதலில் என்னிடம் பேசு. முதுகுவலியைப் பற்றியாக இருந்தாலும் சரி. பிறகு அவரிடம் போ. அவருக்கு அவசரமில்லை. எனக்கு வயதாகிறது.

உன்,
குழாய்க்காரன்